அளவுக்கு வந்த பேண்ட்

என் சகலை மாடிப்படி ஏறுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் அவிநாசியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்குக் கிளம்பியது. அந்த மண்டபத்தைக் கட்டிய புண்ணியவான் சாப்பாட்டுக் கூடத்தை மாடியில் வைத்திருந்தான். நான் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைத்து, வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்து, படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கடந்து போனார். கம்பியைத் தொடவில்லை. வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்தபடியே மேலே போய்விட்டார்.

பின்னால் வந்த என் மனைவி, "பாத்தீங்களா மாமாவ?" என்றாள். பார்க்காமல் இருக்க நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா ஏறுகிறேன்?

பொங்கலூர்ப் பக்கத்தில் ஒரே வீட்டில் அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டினோம். அதற்கு முன்பே எங்களுக்குப் பழக்கம் உண்டு. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே கட்டிங் மேசையில், அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்றவர்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க் போட்டு, கட்டிங் மெஷினைப் பிடித்து ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். குனிந்து ஓட்டும்போது உடம்புப் பாரம் முழுக்க வலது காலில் இறங்கும். இந்த வேலையில் காலம் தள்ளியவர்களுக்கு வலது முட்டி போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவர் பிறகு சொந்தமாக யூனிட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் மேசை முன்னால்தான் நிற்கிறேன். வீடு அவர்தான் முதலில் கட்டினார். கார் அவர்தான் முதலில் வாங்கினார். முட்டி வலி மட்டும் எனக்கு முதலில் வந்தது. அதிலாவது முந்தினேனே என்று இருந்தால், அடுத்த வருஷமே அவரும் நொண்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் நொண்டிய அந்த நாட்களில் எங்களுக்குள் இருந்த ஒட்டுதல் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. விசேஷ வீடுகளில் கீழே பாயில் உட்கார முடியாமல் இரண்டு பேரும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்வோம். எந்தக் கடை எண்ணெய் நல்லது, எந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது என்று பேச ஆயிரம் இருந்தது. என் வீட்டில் முடக்கத்தான் கீரை தோசை என்றால் அவர் வீட்டிலும் அதே. அக்காவும் தங்கையும் போனில் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஆட்டுக்கால் சூப் வைப்பார்கள். நாங்கள் குடித்த சூப்புக்கு ஊரில் எத்தனை ஆடு நொண்டியாகப் போனதோ தெரியாது, எங்கள் முட்டி அப்படியேதான் இருந்தது.

நான் திருப்பூரிலேயே ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் பிடித்து, ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்றார். எடையைக் குறைக்க வேண்டும், தொடைச் சதைக்குப் பலம் ஏற்றுகிற பயிற்சி செய்ய வேண்டும், நிற்பதைக் குறைக்க வேண்டும், இதெல்லாம் செய்தும் தாங்காத காலம் வந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். நிற்பதைக் குறைக்கச் சொல்கிறாரே, கட்டிங் மாஸ்டர் படுத்துக்கொண்டா வெட்டுவான் என்று எரிச்சலோடு வந்துவிட்டேன். அவர் எழுதிக் கொடுத்த பயிற்சியை ஒரு வாரம் செய்தேன். பிறகு மறந்துபோனேன். ஒட்டுப்பட்டை வைத்த முட்டி பெல்ட் ஒன்று வாங்கி, பேண்டுக்கு உள்ளே இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தச் சித்திரையில்தான் சகலை யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூர் போய் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதில் இருக்கிற செல்லைப் பிரித்து, முட்டிக்குள் ஏற்றுவார்களாம். எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"என்ற எலும்பு, என்ற மஜ்ஜை, என்ற முட்டி. வெளிச்சரக்கு ஒண்ணுமே கெடையாது தம்பி. தேஞ்ச எடத்துல போயி அதுவே வளந்துக்குமாமா."

என் மனைவி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் நடை என்ன, பாவனை என்ன! காலையில் வெள்ளை ஷூ, நேவி ப்ளூ ட்ராக் பேண்ட், நடைப் பயிற்சிக்காரர்கள் கூட்டத்தில் முன்வரிசை. அந்தப் பேண்டை வெட்டிக் கொடுத்தவன் நான்தான் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். ஆடிக்குப் பிறகு வந்த ஒரு ஆர்டரில் மீந்த ரோலில், அவர் கேட்டார் என்று வெட்டித் தைக்கக் கொடுத்தேன். என் வீட்டிலோ காலைக் காப்பியோடு சகலை புராணம் ஆரம்பித்துவிடும். மாமா இன்றைக்குக் கோயில்வரை நடந்தாராம். மாமா மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாராம். ஒரு மனிதன் மொட்டை மாடியில் துணி காயப்போட்டதற்கெல்லாம் நான் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

மறுபடி அந்த எலும்பு டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஆராய்ச்சியில இருக்கற விஷயமுங்க. சிலருக்கு வலி குறையுதுன்னு சொல்றாங்க. ஆனா தேஞ்ச ஜவ்வு திரும்ப வளந்துரும்னு நான் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. நான் சொன்ன பயிற்சிய மொதல்ல ஒழுங்கா பண்ணுங்க." இவருக்கும் கோயமுத்தூர்க்காரர்கள் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பொறாமை பிடித்தவனுக்கு உலகமே பொறாமை பிடித்ததாகத்தான் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆர்டர் என்றால் முதலில் சேம்பிள் போகும். அது நன்றாக இருக்கிறது என்று ஆர்டர் கொடுத்த பையர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மொத்தத் துணியில் கத்தி வைப்போம். அந்தச் சேம்பிளையும் அப்படியே பார்த்து நம்பக் கூடாது. தண்ணீரில் போட்டு அலசி, காயவைத்து, பிறகு அளவெடுக்க வேண்டும். பனியன் துணி தைத்த அன்றைக்கு ராஜாவாட்டம் இருக்கும். ஒரு அலசு அலசினால்தான் அதன் சாயம் வெளுக்கும், நீளம் சுருங்கும், ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். அலசாத சேம்பிளை நம்பிக் கத்தி வைத்த ஆட்களை நான் திட்டாத திட்டு இல்லை.

அப்படிப்பட்ட நான், அவிநாசி மண்டபத்துப் படிக்கட்டில் என் சகலையைச் சேம்பிளாக வைத்து, பார்த்த மாத்திரத்தில் ஓகே பண்ணிவிட்டேன். அலசவும் இல்லை, அளக்கவும் இல்லை. சாப்பிட்டுக் கீழே வந்ததும் மனைவியிடம், "நானும் ஊசி போட்டுக்கறேன்" என்றேன். அவள் அக்காவுக்குச் சொன்னாள். அக்கா கோயமுத்தூருக்குப் போன் போட்டு, தீபாவளி கழிந்து ஒரு தேதி வாங்கிவிட்டாள். செலவு பெரிய செலவு. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த நகையில் கைவைக்க வேண்டும். மகள், "நீங்க நடந்தாப் போதும்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அவர் கம்பியைத் தொடாமல் ஏறியது கண்முன்னாலேயே நின்றது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்பெனிகளில் தலை சொறிய நேரம் இருக்காது. அந்த அமளியில் சகலையின் வேன் டிரைவர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே அந்த நேவி ப்ளூ ட்ராக் பேண்ட். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, எனக்கு ரெண்டு ட்ராக் பேண்ட் வெட்டிக் குடு. அளவுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கறேன்."

"உங்க அளவு எனக்குத் தெரியாதுங்களாண்ணா?" என்றேன்.

"இல்ல, பாத்துட்டே வெட்டு" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நடந்து நடந்து இளைத்துவிட்டாராம், பழைய அளவு இனி ஆகாதாம், அதைச் சொல்லிக் காட்டத்தான் பேண்ட் வருகிறது என்று நினைத்தேன். அவருடைய இடுப்பு, உயரம், தொடை எல்லாம் இத்தனை வருஷமாக என் தலைக்குள் இருக்கிறது. இவருக்கு அளவுப் பேண்ட் ஒரு கேடா என்று முனகிக்கொண்டே சாப்பாட்டு இடைவேளையில் அதை மேசையில் விரித்தேன்.

எந்தப் பீஸ் கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிப் போடுவது எங்கள் கைப்பழக்கம். மேல்பக்கம் ஊருக்குக் காட்டுவது. தையலும் துணியும் எப்படி இருக்கிறது என்பது உள்பக்கத்தில்தான் தெரியும். பேண்டைத் திருப்பிப் போட்டு நீவிவிட்டேன். இடது கால் வழவழவென்று இருந்தது. வலது காலில் முட்டிக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, பூனை பிறாண்டியது போல நூல் கிளம்பிப் பிசிறு பிசிறாக இருந்தது.

இன்னொருவன் பார்த்திருந்தால் துணி மட்டம் என்று சொல்லியிருப்பான். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயே என் பேண்டின் காலைச் சுருட்டி உள்பக்கம் பார்த்தேன். அதே இடம், அதே பிசிறு. முட்டி பெல்ட்டின் ஒட்டுப்பட்டை உரசி உரசிப் பனியன் துணியைக் கிளப்புகிற பிசிறு அது. ஊசி போட்டது சித்திரையில். இந்தத் துணி வந்ததே ஆடிக்குப் பிறகு. அப்படியானால் ஊசிக்குப் பிறகும் மனுஷர் நாள் தவறாமல் பெல்ட் கட்டிக்கொண்டுதான் நடக்கிறார்.

எனக்கு வந்தது வருத்தம் இல்லை, சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்திருக்குமா என்று தெரியவில்லை. கட்டிங் செக்ஷனில் இருந்த எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிவரச் சொன்னேன். என்ன விசேஷமுங்க மாஸ்டர் என்று கேட்டவர்களிடம், சும்மாதான், தீபாவளி வருதல்ல என்றேன். என் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே யோசித்தேன்.

இரண்டாவது பஜ்ஜியில்தான் கோபம் வந்தது. எனக்குக் கோயமுத்தூரில் தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களே! தனக்குப் பலிக்கவில்லை என்று தெரிந்தும், என்னை அங்கே படுக்கவைத்து இடுப்பில் ஊசி ஏற்ற விட்டுவிடுவாரா? என் மகளின் நகை போனால் பரவாயில்லை, தன் பெருமை போகக் கூடாதா? சாயங்காலம் பேண்டைக் கவரில் சுருட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். போகும் வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் யூனிட்டில் ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் எழுந்து வந்து தோளில் கைபோடுகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை. வலது கால் ஒரு ஸ்டூல்மேல் நீட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "கதவச் சாத்து தம்பி" என்றார்.

சாத்தினேன்.

"உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டயா?"

"பாத்தேனுங்ணா" என்றேன்.

"திருப்புவேன்னு தெரியும். அதே மேசைல நின்னவந்தான நானும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அளவு அனுப்பாத மனுஷர் ஏன் அனுப்பினார் என்று.

அவர் ஸ்டூலில் நீட்டியிருந்த காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். முதல் இரண்டு மூன்று மாதம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்ததாம். அந்தத் தெம்பில் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். அவர் மனைவி அதைவிட ஒரு பங்கு அதிகமாகச் சொல்லிவிட்டாளாம். பிறகு பழைய வலி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெல்ட்டை வீட்டில் கட்டுவதில்லை, காருக்குள் வைத்துக் கட்டிக்கொள்கிறார். மாத்திரை யூனிட்டில் இருக்கிறது.

"அவிநாசில ஏறுனத எல்லாரும் பாத்தீங்க. எறங்குனத யாராச்சும் பாத்தீங்களா? மண்டபம் காலியாகற வரைக்கும் மேலயே உக்காந்திருந்தேன்."

"அப்ப எனக்குத் தேதி வாங்குனப்பவே சொல்லியிருக்கலாமல்லங்ணா?" குரல் உயர்ந்துதான் வந்தது. "ஒரு போன் போட்டிருக்கலாமல்ல?"

"எத்தனையோ தடவ எடுத்தேன் தம்பி." மேசைமேல் இருந்த போனைத் தள்ளி வைத்தார். "நேர்ல சொன்னா உன்ற மொகத்துல ஒரு சந்தோஷம் வரும். அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் பேண்ட்ட அனுப்புனேன். நீ தனியா சந்தோஷப்பட்டுக்கோன்னு."

என் வாயில் இன்னும் பஜ்ஜி வாசனை இருந்தது. என்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. தெரிந்தும் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் கேட்க வந்த கோபமெல்லாம் போய், அதற்கும் பொறாமையாக இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் பேண்டை அனுப்பியிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அந்த ஊசி கேக்கல. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றார். "அங்க வந்தவங்கள்ல நல்லாயிட்டவங்களும் இருக்கறாங்க. நீ போறதுன்னா உன்ற டாக்டரக் கேட்டுப் போ. என்னயப் பாத்துப் போகாத."

கிளம்பும்போது அவர் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய துண்டு, வேட்டியெல்லாம் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பீரோ திறந்திருந்தது. மகளின் நகைப்பெட்டி கட்டில்மேல் இருந்தது.

"ஊசி வேண்டாம். நான் போகல" என்றேன்.

"ஏனுங்க? என்ன ஆச்சு?"

இதற்காகத்தான் அன்று மத்தியானம் முழுக்க வார்த்தை தேடினேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் காலைக் காப்பியோடு வருகிற சகலை புராணம் அன்றோடு முடிந்துபோகும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நகைப்பெட்டியைப் பார்த்தேன்.

"பயமா இருக்கு. இடுப்பெலும்புல ஊசியக் குத்துவாங்களாம்" என்றேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும். "என்ற ஊட்டுக்காரராட்டத் தைரியம் எல்லாருக்கும் வருமா?" என்று அவள் சொன்னது அடுப்படிவரை கேட்டது. நான் நகைப்பெட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பூட்டினேன்.

மறுபடி போனபோது எலும்பு டாக்டர் என்னைப் பார்த்ததும், பயிற்சி செய்தீர்களா என்று கேட்டார். இனிமேல் செய்கிறேன் என்றேன். இப்போது தினமும் கட்டிலில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தூக்கி, எண்ணி, இறக்குகிறேன். கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொண்டேன். மார்க் போடுகிற வேலையை உட்கார்ந்தே செய்கிறேன். வலி போய்விடவில்லை. போன வருஷத்துக்கு இந்த வருஷம் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

சகலைக்கு இரண்டு பேண்டையும் வெட்டிக் கொடுத்தேன். வலது காலை மட்டும் அகலமாக வைத்து, முட்டிக்கு உள்பக்கம் வழுவழுப்பான துணி ஒட்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொன்னேன். ஒரு கால் ஒரு அளவு, இன்னொரு கால் இன்னொரு அளவு என்று நான் வெட்டியது அதுதான் முதல் தடவை. டெய்லர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேண்ட் போய்ச் சேர்ந்ததும் சகலையிடமிருந்து போன் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

தை மாதம் அதே அவிநாசி மண்டபத்தில் ஒரு காதுகுத்து. அதே படிக்கட்டு. அவர் முன்னால் ஏறினார். கம்பியைத் தொடவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வயிறு எரிந்தது. அந்த வலியோடு அப்படிச் சிரித்துக்கொண்டு ஏற எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. நான் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கீழேயிருந்து அக்கா, "ஊசிக்குப் பயந்தவரு மெதுவாத்தான் வருவாரு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசிப் படிக்கு முன்னால் அவர் நின்றுவிட்டார். திரும்பி என் பக்கம் கையை நீட்டினார். "வா தம்பி" என்றார். அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்ததும் தெரிந்தது. அவர் பாரம் முழுக்க என் கையில் இறங்கியது. வலது காலை ஊன்ற முடியாமல் நின்றுகொண்டிருக்கிறார். நான் இன்னொரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலை அழுத்தி ஊன்றி, அவரை மேலே தள்ளினேன். இரண்டு பேரும் மேலே போய்ச் சேர்ந்தோம். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சொன்னாள்: "மாமா மட்டும் கை குடுத்துத் தூக்கிவிடலேன்னா, நீங்க இன்னிக்குப் பந்திக்கே வந்து சேந்திருக்க மாட்டீங்க."

"ஆமா" என்றேன்.